மூன்றாம் கட்டில்காரரின் பேர்

நர்சிங் படித்த காலத்தில் ஒரே மனிதரை நான் திரும்பத் திரும்பச் சாகவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு நெஞ்சுவலி, எனக்கு வேலை தெரியும். நாடி பார்ப்பது, ஆக்சிஜன் வைப்பது, ஈசிஜி எடுப்பது, டாக்டரைக் கூப்பிட்டு நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்வது, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இதில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் அவர் பேரை வாய்விட்டுச் சொல்லி, ஆள் அவர்தான் என்று உறுதி செய்ய வேண்டும். அங்கேதான் வண்டி நின்றது. அவருக்கு என் மாமனாருடைய பேர்.

போலீசுக்குப் போக நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கவும். அப்படி ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. எங்கள் கல்லூரியை நடத்திய அறக்கட்டளையின் தலைவர் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். திருப்பூரில் ஒரு புது மெஷின் வந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரர் வாங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் முதலாளிகளுக்குத் தூக்கம் வராது. அவர் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போன இடத்தில், கண்ணில் மாட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரி தெரிகிற கருவி ஒன்றைப் பார்த்திருக்கிறார். மாட்டினார், வார்டு தெரிந்தது, வாங்கிவிட்டார். திறப்பு விழாவில் அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். "மெசினு சும்மா நிக்கக் கூடாதுங்க. ரெண்டு சிப்டும் ஓடோணும்."

அறை வாசலில் "மெய்நிகர் உலகில் செவிலியர் கல்வி" என்று பெரிய பேனர் தொங்கியது. நாங்கள் அந்தக் கருவியை டப்பா என்றோம். டப்பாவுக்கும் எங்களுக்கும் முதல் சண்டை தலைமுடியால் வந்தது. எண்ணெய் தேய்த்துக் கொண்டை போட்டு வலை மாட்டிய தலையில் அந்தப் பட்டை நிற்காது. நின்றால் கழற்ற வராது. ஒரே வாரத்தில் உள்ளே இருந்த பஞ்சு முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். மல்லிகைப் பூவுக்குத் தடை வந்தது. லேப் இருக்கும் நாளில் தலைக்குக் குளித்து வரவும் என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள்.

டப்பாவுக்குள் ஒரு வார்டு, சுத்தமான வார்டு. நாலு கட்டில், நாலு நோயாளி. நாம் பேசினால் அவர்களும் பேசுவார்கள், ஆனால் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி. என் தோழி ஒருத்தி மூலனூர்க்காரி, முருங்கைக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் வீடு. அவள் முதல் நாள் உள்ளே போனதும் முதல் கட்டிலில் இருந்தவரைப் பார்த்து, வணக்கமுங்க, சாப்டீங்களா என்று கேட்டாள். அதற்கு அவர், "செவிலியரே, எனக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது" என்றார். இவளுக்குப் பாவமாகிவிட்டது. எப்போது இருந்து என்று ஆறுதலாக விசாரிப்பதற்காகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூல் டப்பாவுக்குள் இருந்தது. அறையில் இல்லை. தரையில் கிடந்தபடியே அவள் கேட்டது, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான்.

எங்களை நாலாகப் பிரித்து, ஆளுக்கு எந்தக் கட்டில் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மூன்றாம் கட்டில். உள்ளே போய்ப் பார்த்தேன். நரைத்த மீசை, கட்டம் போட்ட சட்டை, கை நெஞ்சில். தலைக்கு மேலே பலகையில் பேர். படித்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளூர்ப் பேர்களாக வைத்தால் பிள்ளைகளுக்கு இயல்பாக இருக்கும் என்று யாரோ புண்ணியவான் யோசனை சொல்லியிருக்கிறார். முருகனுடைய பேர்களில் ஒன்று என்பது வரைக்கும் நான் சொல்லலாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அதற்கு மேல் எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

படிக்கும்போதே மாமனார் எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். ஜாதகத்தில் வந்தார். இந்த வயதுக்குள் முடிக்காவிட்டால் அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். திருப்பூர் ராயபுரத்தில் இருந்த எங்கள் வீட்டில் பயந்துபோய், இரண்டாம் வருஷ விடுமுறையில் என்னை நல்லூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாமனாருக்குக் கீழே தையல் யூனிட், மேலே வீடு. ஓவர்லாக் மெஷின் ஓடும்போது மாடியில் டம்ளர் ஆடும்.

கல்யாணம் முடிந்ததும் என் படிப்பு பஞ்சாயத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், எல்லாக் காரியத்துக்கும் குறுக்கே படுப்பவர். வீட்டுக்கு வந்த மருமகள் ஊரான் வீட்டு மூத்திரப் பாத்திரத்தைத் தூக்குவதா, சொந்த யூனிட்டில் செக்கிங்கில் உட்கார்ந்து தைத்த பீஸில் குறை பார்த்தால் ஆகாதா என்றார். மாமனார் அதிகம் பேசுகிறவர் அல்ல. படிக்கட்டும் என்றார். சித்தப்பா விடவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நான் படிக்கலாம், எதிலாவது ஒன்றில் ஃபெயில் ஆனாலும் அன்றைக்கே படிப்பை நிறுத்திவிட்டு செக்கிங் டேபிளில் உட்கார வேண்டும். மாமனார் அதற்குத் தலையாட்டிவிட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

இப்போது பேர் விஷயம். என் மாமியார் தன் வாழ்நாளில் வீட்டுக்காரர் பேரை உச்சரித்தது கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவார். போனில் யாராவது கேட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனைக் கொடுத்துவிடுவார். கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் கேட்டால், நட்சத்திரத்தை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்ப்பார். முருகனும் அதே பேரை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் அவர் "மலை மேல இருக்கறவரு". நீயும் சொல்லாதே என்று மாமியார் என்னிடம் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் கூரியர்காரர் ஒருவர் வந்து, பேரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடி வந்து, "ஆமாங்க, அவரு ஊடுதானுங்க" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அது எனக்குள் பூட்டிக்கொண்டது.

நான் பழங்காலத்துப் பெண் இல்லை. வீட்டுக்காரரைத் தனியாக இருக்கும்போது பேர் சொல்லித்தான் திட்டுவேன். ஆனால் மாமனார் பேர் வரவில்லை. முதல் தடவை மூன்றாம் கட்டிலுக்கு முன்னால் நின்று, "ஏனுங்க ஐயா" என்றேன். "எனக்கு நெஞ்சு வலிக்கிறது, செவிலியரே" என்றார். "தெரியுமுங்க ஐயா" என்றேன். ஓரத்தில் "நோயாளி அடையாளம்" என்ற எழுத்து சிவப்பாகவே நின்றது. அது பச்சையானால்தான் மற்ற பொத்தான்கள் திறக்கும். அவர் நெளிந்தார், வியர்த்தார், நான் கையைப் பிசைந்தேன், அவர் போய்விட்டார். திரை கருத்து, "மீண்டும் முயல்க" என்று வந்தது.

மீண்டும் முயன்றேன். எல்லாக் குறுக்கு வழியும் பார்த்தேன். பேரின் முதல் எழுத்தை மட்டும் சொன்னேன், டப்பா ஏற்கவில்லை. அவர் கையில் கட்டியிருந்த பட்டையைச் சுட்டிக்காட்டி, "இதுல என்ன போட்டிருக்குதோ அதேதானுங்க நீங்க" என்றேன். மனுஷனாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். ஒரு தடவை மூலனூர்க்காரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அந்தப் பேரை எனக்காகச் சத்தமாகச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆஹா என்று ஆக்சிஜனுக்குக் கையை நீட்டினேன். எங்களுக்கு லேப் எடுத்த மேடம் வந்து டப்பாவைக் கழற்றிவிட்டார்.

மேடம் திருநெல்வேலிப் பக்கம். பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர், கோபமும் பாசமும் ஒரே மூச்சில் வரும். என்ன பிரச்சினை என்றார். சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை.

"பேரச் சொல்லுததுல ஒனக்கு என்ன பிள்ள கஷ்டம்? அவரு என்ன ஒன் மாமனாரா?"

"இல்லீங்க மேடம். ஆனா அவரு பேரு."

வேறு கட்டில் தரச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் பிரித்தாகிவிட்டது என்றார். நோயாளியின் பேரையாவது மாற்றச் சொல்லிக் கேட்டேன். அது டப்பாவைச் செய்த கம்பெனிக்காரர்கள் கையில் இருக்கிறது, எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். அங்கிருந்து, வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலனை முடிவதற்குள் நான் பேரன் பேத்தி எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போகும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார். பேர் கேட்காமல் ஊசி போட்டால் நிஜ வார்டில் ஆள் மாறிப் போகும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று. அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பயிற்சி எடுத்தேன். வாளி நிரம்பி வழியும் வரை உதட்டை அசைப்பேன், சத்தம் வராது. ஒரு நாள் கொஞ்சம் வந்தது போலிருந்தது. உடனே கதவு தட்டப்பட்டது. தண்ணி லாரி வந்து எத்தனை நாளாச்சு, இப்படித் திறந்துவிட்டால் எப்படி என்று மாமியார் கேட்டார். அத்தோடு பயிற்சி முடிந்தது.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், மாமனார் அந்த நோயாளிமேல் பிரியம் வைத்துவிட்டார். யூனிட்டை மூடிவிட்டு மாடிக்கு வந்து சாப்பிட உட்காரும்போது, அன்றைக்குக் கல்லூரியில் என்ன நடந்தது என்று கேட்பார். டப்பா விஷயத்தை முதலில் சொன்னபோது நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். சாம்பிள் பீஸ் மாதிரி என்றார். சாம்பிளில் எத்தனை தப்பு வேண்டுமானாலும் பண்ணலாம், ஷிப்மெண்டில் ஒன்று கூடாது, நல்ல ஏற்பாடு என்றார். மெய்நிகர் கல்வி பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் அதுதான் தெளிவானது. பிறகு என் நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"போயிட்டாருங்க மாமா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மறுநாளும் கேட்டார். மறுநாளும் போயிட்டாருங்க மாமா. அது உண்மை ஆள் இல்லை, மறுபடி எழுந்துவிடுவார் என்று விளக்கினேன். எழுந்தாலும் பாவம், எத்தனை தடவைதான் சாவார் என்றார். வாயுவாக இருக்கும், சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாயா என்றார். அந்த மெஷினில் சீரகம் இல்லை என்றேன். இன்னொரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்குத் திருநீறு கொடுத்தார்.

"அந்தப் பெரியவருக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வந்தேன் அம்மிணி. பேரு தெரிஞ்சிருந்தா ஒரு அர்ச்சனையே பண்ணிருப்பேன். என்ன பேருன்ன?"

மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மறந்துட்டனுங்க மாமா என்றேன்.

"நோயாளி பேர மறந்தா அப்பறம் எப்படி அம்மிணி பொழைப்பாரு?"

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மாமனார் பேருக்குத்தான் அன்றைக்கு அர்ச்சனை செய்திருப்பார்கள், அது எப்படியும் மூன்றாம் கட்டிலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா வந்தார். மெய்நிகர் உலகில் படிப்பதைப் பற்றி நர்சிங் மாணவிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறிவது அவர் வேலை. எங்களை வட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னார். வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. முதல் பெண், நல்லா இருக்குதுங்க என்றாள். அடுத்தவள், நெம்ப நல்லா இருக்குதுங்க என்றாள். வட்டம் முழுக்க அப்படியே சுற்றி வந்தது. அந்த அம்மா முகம் வாடிப்போனது. வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். சாப்பிட்டீர்களா என்று மூலனூர்க்காரி அவரைக் கேட்டாள்.

டீயும் முறுக்கும் வந்த பிறகு வாய் திறந்தது. ஒருத்திக்கு டப்பா வார்டு பிடித்திருந்த காரணம், அங்கே நோயாளியின் சொந்தக்காரர்கள் இல்லை. நிஜ வார்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு குடும்பமே நின்று, இது என்ன ஊசி, அது என்ன மாத்திரை என்று கேட்டுக்கொண்டு கையில் இட்லியைத் திணிக்கும். இன்னொருத்தி, அங்கே நாற்றம் இல்லாததால்தான் அது பொய் என்றாள். புண்ணைச் சுத்தம் செய்ய அங்கே கற்றுக்கொண்டு நிஜ வார்டுக்குப் போனவள், மூக்கு வேறு ஒரு பாடம் என்று தெரிந்து வெளியே ஓடியிருக்கிறாள். எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பெண், தப்புச் செய்தால் யாரும் தன்னைத் திட்டாத இடம் தன் வாழ்க்கையில் அதுதான் முதல் என்றாள். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் முறுக்கைக் கடிக்கவில்லை. மூலனூர்க்காரி மட்டும், ஸ்டூலை நிஜமாகவே வாங்கிப் போட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்றாள்.

என் முறை வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, நோயாளியின் பேரை மட்டும் மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, நோயாளியின் அடையாளம் பற்றி நான் மிக ஆழமான ஒன்றைச் சொல்லிவிட்டதாகப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று நினைத்தேன்.

உள்ளுக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது. படிப்பு வராமல் தோற்றால் மனசு ஆறிவிடும். எல்லாம் தெரிந்து, ஒரு பேருக்காகத் தோற்பது எந்தக் கணக்கில் சேரும்? பேனர் சொன்ன அந்த உலகத்துக்குள் நம் வீட்டை வாசலில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன். நான் மாமியாரையும் கரண்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

வருஷக் கடைசியில் பெற்றோர் நாள் வந்தது. தலைவர் ஒரு யோசனை சொன்னார். மெஷினை வீட்டு ஆட்களும் பார்க்கட்டும். ஒவ்வொரு மாணவியும் அவர்கள் முன்னால் தன் நோயாளியைக் கவனிக்கட்டும், உள்ளே தெரிவது பெரிய திரையிலும் தெரியட்டும். மேடம் இன்னும் ஒரு படி மேலே போய், அதையே மதிப்பெண்ணுக்கான தேர்வாக வைத்துவிட்டார். அதில் தோற்றால் பெரிய பரீட்சைக்கு உட்கார முடியாது. உட்கார முடியாவிட்டால் ஃபெயில். ஃபெயில் என்றால் செக்கிங் டேபிள். சித்தப்பா எனக்காக ஒரு ஸ்டூலே போட்டு வைத்திருப்பார் என்று தோன்றியது.

வீட்டில் யாரும் வர வேண்டியதில்லை, வெறும் டிவி மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மாமனார் கேட்கவில்லை. அந்தப் பெரியவரை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பையில் சாத்துக்குடி.

"யாருக்குங்க மாமா இது?"

"சீக்காளியப் பாக்கப் போறோம். வெறுங்கையோடவா போறது?"

அது கண்ணுக்குள் தெரிகிற ஆள் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கை வீசிக்கொண்டு போக அவருக்கு மனசு வரவில்லை. மாமியார் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

அறை நிறைய ஆட்கள். மாமனாரும் மாமியாரும் முதல் வரிசையில். என் பேரைக் கூப்பிட்டதும் டப்பாவை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். வார்டு தெரிந்தது. மூன்றாம் கட்டில் தெரிந்தது. அது பெரிய திரையிலும் தெரியும், பலகையில் இருக்கும் பேரும் தெரியும். "ஏனுங்க ஐயா" என்றேன், வழக்கம்போல. "செவிலியரே, எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்றார், வழக்கம்போல.

அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் நடந்ததை மூலனூர்க்காரி சொல்லித்தான் தெரியும். பலகையில் பேர் வந்ததும் மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாராம். மாமனார் திரையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, சொன்னார்.

"நான் வெளிய போயிச் சித்த நேரம் நின்னுட்டு வர்றனுங்க. இங்க புழுக்கமா இருக்குது."

ஏசி அறை அது. கதவு திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. டப்பாவுக்குள் நின்றபடியே எனக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போகவில்லை. எனக்கு இடம் விட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. டப்பாவுக்குள் துடைக்கவும் முடியாது. மூன்றாம் கட்டில்காரர் வியர்க்க ஆரம்பித்திருந்தார். இன்றைக்கும் இவரைச் சாகவிட்டால் வெளியே நிற்பவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். பேர் வந்தது. மெதுவாக வரவில்லை, இத்தனை மாதம் அடைத்து வைத்திருந்த வேகத்தில் வந்தது. எதிர் கட்டிடத்தில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

விளக்கு பச்சையானது. அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. ஆக்சிஜன், நாடி, பிரஷர், ஈசிஜி, டாக்டருக்குப் போன். போனிலும் பேரைச் சொன்னேன். மருந்து கொடுக்கும்போதும் சொன்னேன். சொல்ல வேண்டாத இடத்தில்கூட ஒரு தடவை சொன்னேன். அவர் மூச்சு சீரானது. "நன்றி, செவிலியரே" என்றார். அவர் வாயால் நான் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. டப்பாவைக் கழற்றினால் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் கிட்ட வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "இதத்தான பிள்ள நா அப்பமே சொன்னேன்" என்றார். பாஸ். செக்கிங் டேபிள் தப்பித்தது.

மாமனார் மட்டும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் பையோடு, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அத்தனை சத்தம் போட்டது அவர் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. விழாத மாதிரி நின்றார்.

எல்லா மாணவிகளும் முடித்ததும், வீட்டு ஆட்கள் யாராவது மாட்டிப் பார்க்கிறீர்களா என்று மேடம் கேட்டார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் மாமியார் எழுந்தார். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் போட்ட சத்தத்துக்கு இங்கேயே ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒருக்கா மாட்டி உடு அம்மிணி" என்றார். "அந்த மூணாம் கட்டிலுக்கு."

பூவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து தலையைக் காட்டினார். மாட்டிவிட்டேன். கையால் காற்றைத் தடவிக்கொண்டு ரெண்டடி வைத்தார். மூன்றாம் கட்டில் பெரிய திரையில் வந்தது. நரைத்த மீசை, கை நெஞ்சில், தலைக்கு மேலே பேர். மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் குனிந்து, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புகிற குரலில், சின்னதாக அந்தப் பேரைச் சொன்னார்.

விளக்கு பச்சையானது. "ஆமாம், நான்தான்" என்றார் மூன்றாம் கட்டில்காரர்.

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் பெண் மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை கொஞ்சம் அதட்டலாக. டப்பா கண்ணை மறைத்திருந்ததால் கதவு திறந்ததை அவர் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நான் கத்தியபோது அசையாமல் நின்றவர், சாத்துக்குடிப் பையோடு உள்ளே வந்து மாமியாருக்குப் பின்னால் நின்றார். நான் போய் டப்பாவைக் கழற்றினேன். மாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க எப்ப வந்தீங்க?"

"நீதான கூப்பிட்டே" என்றார் மாமனார்.